காது கொடுத்தவர்கள்

சூடேறிய தூசிக்கு ஒரு வாசனை உண்டு, அடைமழைக் காலத்தில் மேசைக்கடியில் ஓயாமல் ஓடிய டி.எஸ்.எல். மோடத்திலிருந்து அது எழும்பியபோதெல்லாம் கும்பகோணத்தில் தாத்தா வீட்டு ரேழியும், அங்கே பலகைமேல் இருந்த வால்வு ரேடியோவும் நினைவுக்கு வந்துவிடும். திருகியதும் அது பாடாது, வால்வு சூடேற அரை நிமிஷமாவது ஆகும், அதுவரை தாத்தா வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டு பொறுமையாக உட்கார்ந்திருப்பார். முகப்பில் ஒரு பச்சைக் கண் இருக்கும், ஸ்டேஷன் சரியாக அகப்பட்டால் அதன் நிழல் ஒடுங்கும், ஆனால் அவர் அதைப் பார்த்ததே இல்லை, கண்ணை மூடிக்கொண்டு காதால்தான் இலங்கை வானொலியைப் பிடிப்பார். கரகரத்தால் பெட்டியைத் தட்டமாட்டார், கொல்லைப்புறம் போய் எர்த் கம்பி புதைத்த இடத்தில் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றிவிட்டு வருவார், மண் குளிர்ந்த மணம் ரேழிவரை வரும், சத்தமும் தணிந்திருக்கும்.

அவ்வூர்த் தபாலாபீஸில் போஸ்ட்மாஸ்டருக்கும் அப்படியொரு காது. கோந்தும் அரக்கும் மணக்கும் அந்த அறையில் வெளியூருக்கு டிரங்க் கால் பதிந்துவிட்டு மர பெஞ்சில் காத்திருப்போம், சாதாரணம், அவசரம், எட்டு மடங்கு கட்டணத்தில் லைட்னிங் என்று மூன்று வகை, லைன் கிடைத்ததும் ரிசீவரை உடனே தரமாட்டார், ஒரு கணம் கேட்டுப் பார்த்து, தெளிவாக இருந்தால்தான் நீட்டுவார்.

மேசைக்கடியில் இருந்த அந்த மோடத்துக்குப் பின்னால் நான் வைத்திருந்த ஃபயர்வால் ரூட்டர், இரண்டு நெட்வொர்க் கார்டு செருகிய பழைய கணினி, மோடத்தை வெறும் பாலமாக (பிரிட்ஜ்) ஆக்கிவிட்டு, பயனர் பெயர் கொடுத்துப் புகும் பி.பி.பி.ஓ.ஈ. இணைப்பை அதுவே போட்டுக்கொள்ளும். மழை பெய்தால் இணைப்பு அறும், வீட்டில் எல்லோருக்கும் ஃபயர்வால்மீதுதான் சந்தேகம். அதை விலக்கிவிட்டு வேறொரு கணினியை நேராக மோடத்தில் சொருகினேன், அப்போதும் அறுந்தது, டெலிபோனை எடுத்துக் கேட்டால் டயல் டோனுக்குப் பின்னால் கடலை பொரிகிறாற்போல ஒரு சத்தம். பேச்சு 4 கிலோஹெர்ட்ஸுக்குள் அடங்கும், இணையம் வரும் ஏ.டி.எஸ்.எல். ஏறத்தாழ 25 கிலோஹெர்ட்ஸிலிருந்து 1.1 மெகாஹெர்ட்ஸ்வரை போகும், இரண்டுக்கும் ஒரே ஜோடிச் செம்புக் கம்பிதான், ஈரம் இறங்கிய ஜாயிண்ட் இரண்டையும் கெடுத்துவிடும். ஓய்வுபெறும் வயதை நெருங்கிய லைன்மேன் சைக்கிளில் வந்தார், கம்பத்துப் பெட்டியைத் திறந்து சோதனை டெலிபோனைக் காதில் வைத்து, "தம்பி, உள்ள எதையும் தொடாதீங்க, கோளாறு இங்கதான்" என்றார், பச்சையாகக் களிம்பேறிய முனையைக் கத்தியால் சுரண்டி, செம்பு மின்னும்வரை விடாமல், புதிதாக முறுக்கினார்.

லைன் சரியான பிறகும் சில பக்கங்கள் பாதியில் நின்றன, சின்ன மெயில் போகும், படம் இணைத்தால் போகாது. ஈதர்நெட் ஒரு தடவையில் 1500 பைட் சுமக்கும், பி.பி.பி.ஓ.ஈ. அதில் 8 பைட்டைத் தனக்கு எடுத்துக்கொள்ளும், மிச்சம் 1492, அதைவிடப் பெரிய பொட்டலம் வந்தால் 'சிறிதாக்கி அனுப்பு' என்ற செய்தி அனுப்பியவருக்குத் திரும்பிப் போகவேண்டும், வழியில் யாரோ அதைத் தடுத்துவிட்டால் அவர் பழைய அளவிலேயே அனுப்பிக்கொண்டிருப்பார். எம்.டி.யூ. என்ற பொட்டல உச்ச அளவை 1492 ஆக்கி, டி.சி.பி.க்கு, தலைப்புகள் போக மிஞ்சும் எம்.எஸ்.எஸ். 1452 என்று ஃபயர்வாலில் கட்டியதும் பக்கங்கள் முழுசாகத் திறந்தன.

இப்போது ஃபைபர் வந்துவிட்டது, வேகத்துக்குக் குறையில்லை, ஆனால் கண்ணாடி இழையைக் காதில் வைத்துக் கேட்க முடியாது, புகார் சொன்னால் எந்த விளக்கு சிவப்பாக எரிகிறது என்று கேட்டுவிட்டு, அணைத்துப் போடச் சொல்லி வைத்துவிடுகிறார்கள். வாசனைகூட இல்லாத பெட்டி. நான் முதலில் ஃபயர்வாலின் லாகைத் திறந்து, எந்த நிமிஷம் அறுந்தது, அறுந்தது இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று பார்த்துக் குறித்துக்கொண்டுதான் போன் செய்கிறேன், எதிர்முனையில் இருக்கும் பிள்ளை அதைக் கேட்பதில்லை, நானாகவே சொல்கிறேன், எழுதிக்கொள்ளச் சொல்கிறேன்.