மம்பட்டிக்கு ஒரு சுவர்

ஜூன் 9

மலையகத் தேயிலைத் தோட்டத்து லயத்துக் காம்பராவில் மம்பட்டி எங்கே இருக்கும் என்று கேட்டால், "மூலையில" என்றுதான் பதில் வரும். மூலை என்றால் கதவுக்குப் பின்னால், இல்லாவிட்டால் இஸ்தோப்பில் விறகுக்குப் பக்கத்தில். மம்பட்டி, முள்ளு, அலவாங்கு, தும்புத்தடி, மட்டக்கம்பு எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடக்கும். ஒன்றை இழுத்தால் மற்றவை சரியும். இதை வீட்டுக்காரர்களின் ஒழுங்கீனம் என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பழைய லயங்களில் ஒரு குடும்பத்துக்குக் கொடுத்த அறை பெரும்பாலும் 10 அடிக்கு 12 அடி. காப்பிக் காலத்தில் தொடங்கிய இந்தக் கணக்கு, 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை வைத்த பிறகும் தொடர்ந்தது. இரவில் படுப்பதற்கு எவ்வளவு இடம் போதும் என்று பார்த்து வகுத்த அளவு அது. அங்கே படுக்கும் மனிதர் கையோடு கொண்டுவரும் பொருளுக்கு அதில் ஓர் அங்குலமும் ஒதுக்கவில்லை. தோட்டத்துத் துரைமார் மண்வெட்டி என்ற நம் சொல்லையே 'மமூட்டி' என்று தங்கள் ஆங்கிலத்துக்குள் எடுத்துக்கொண்டார்கள். சொல்லுக்கு அகராதியில் இடம் கிடைத்தது, பொருளுக்கு வீட்டில் கிடைக்கவில்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். நாலடிப் பிடியுள்ள ஒரு கருவி சரியாமல் சாய்ந்து நிற்க, அதன் அடி சுவரிலிருந்து ஓர் அடியாவது தள்ளி இருக்க வேண்டும். இப்படி ஐந்து கருவிகள் மூன்றடி அகலத்துக்கு நின்றால், 120 சதுர அடியில் மூன்று நாலு சதுர அடி போய்விடும். ஒரு கைக்குழந்தையைப் பாய் விரித்துக் கிடத்தும் இடம் அது. அவற்றில் பெரும்பாலானவை சுவரோடு தொங்கினாலே கீழே அரிசி வாளியை வைக்கலாம், தரையைக் கூட்டலாம்.

ஜூன் 10

இடத்தைவிடப் பெரிய காரணம் ஈரம். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரம். ஹட்டனுக்குக் கீழே வட்டவளைப் பக்கம் இலங்கையிலேயே மிக அதிகமாக மழை பெய்யும் இடங்களில் ஒன்று. தென்மேற்குப் பருவத்தில் லயத்துத் தரை காய்வதே அபூர்வம். மரத்தின் நார் நீளவாக்கில் ஓடுகிறது. அதனால் வெட்டுமுனை தண்ணீரைக் குடிக்கும் வேகம், பக்கவாட்டில் குடிப்பதைவிடப் பல மடங்கு அதிகம். பிடியின் அடிமுனையைத் தரையில் ஊன்றி வைப்பது, ஈரத்தில் திரியை நட்டுவைப்பது போலத்தான். மரத்தின் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டி நிலைத்துவிட்டால் உளுக்க வைக்கும் பூஞ்சைக்கு வழி திறந்துவிடும். கருவியைத் தலைகீழாக, தகடு தரையில் படும்படி வைத்தால் பிடி தப்பும், இரும்பு துருப்பிடிக்கும். எப்படி நிறுத்தினாலும் ஒரு முனை கெடும். இரண்டும் தப்ப வேண்டுமானால் தரையை விட்டு எடுப்பது ஒன்றுதான் வழி.

மட்டக்கம்பைப் பாருங்கள். கொழுந்து பறிக்கும்போது செடியின் மேல் கிடத்தி மட்டம் பார்க்கும் மெல்லிய கம்பு. அது நேராக இருப்பதுதான் அதன் வேலையே. ஈரமும் காய்ச்சலும் மாறிமாறி வரும் இடத்தில் மாதக்கணக்கில் சாய்த்து வைத்த கம்பு தன் பாரத்திலேயே மெல்ல வளையும், பிறகு நிமிராது. வளைந்த மட்டக்கம்பு அடுப்புக்குத்தான் ஆகும்.

ஜூன் 14

மாட்டி வைக்கலாம்தான், ஆனால் ஆணி நிற்குமா என்பது முதல் தடை. நியாயமான தடை. பழைய லயத்துச் சுவர் பலவற்றில் கருங்கல்லும் மண்சாந்தும்தான். கல்லில் ஆணி இறங்காது, சாந்தில் இறங்கிய ஆணி ஒரு வாரத்தில் கையோடு வரும். அதனால் பாரத்தைச் சுவரிடம் கொடுக்காமல் கூரையின் வளையிடம் கொடுப்பது மேல். இரண்டு அங்குல அகலத்தில் ஐந்தடி நீளச் சட்டம் ஒன்றை எடுத்து, இரு முனையிலும் தடித்த கம்பி கட்டி வளையிலிருந்து தொங்கவிட வேண்டும். அது ஊசலாடாமல் இருக்க ஒரு முனையைக் கதவு நிலையோடு கட்டினால் போதும். சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி விட வேண்டும். காற்று ஓடுவதற்கு மட்டுமல்ல இந்தச் சாண். மம்பட்டி தானே ஒரு கொக்கி. பிடி சட்டத்துக்கு முன்னால் தொங்க, தகடு சட்டத்தின் மேலேறிப் பின்னால் இறங்கிக் கவ்விக்கொள்ளும். அதற்கு முளையும் வேண்டாம், வளையமும் வேண்டாம். கூர் விளிம்பு சுவர்ப் பக்கம் திரும்பிவிடுவதால் பிள்ளைகளின் நெற்றிக்கும் ஆபத்தில்லை.

முள்ளுக்கும் தும்புத்தடிக்கும் இரண்டிரண்டு முளை வேண்டும். பிடி நுழையவும் தலை நுழையாதிருக்கவும் இடைவெளி, அதாவது பிடியின் பருமனைவிட ஒரு விரல் கூடுதல். முளையின் வெளிமுனை சற்று மேல்நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். மட்டமாக அடித்த முளையிலிருந்து கதவு அடிபடும் ஒவ்வொரு தடவையும் கருவி கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து விழுந்துவிடும். முளைக்கு மரம் வாங்கத் தேவையில்லை. கவ்வாத்து முடிந்த மலையிலிருந்து விறகுக்குக் கட்டிவரும் மிலாறிலேயே கட்டைவிரல் பருமனில் நேரான துண்டு கிடைக்கும். தேயிலை மரம் இறுகியது, சீக்கிரம் முறியாது. மட்டக்கம்பை மூன்று முளையின் மேல் படுக்க வைக்க வேண்டும், தொய்வு வராது. அலவாங்கை மட்டும் தொங்கவிடக் கூடாது. முழு இரும்பு, கம்பி அறுந்தால் கால் போய்விடும். அது தரையிலேயே நிற்கட்டும், மேல்பாதியைச் சைக்கிள் டியூப் துண்டால் நிலையோடு சேர்த்துக் கட்டினால் சாயாது.

அமெரிக்காவின் ஷேக்கர் சமயத்தார் 19ஆம் நூற்றாண்டில் தங்கள் அறைகளின் சுவர் நெடுக முளைப்பலகை அடித்து, நாற்காலியைக்கூட அதில் மாட்டினார்கள், தரையைச் சுத்தமாகக் கூட்டுவதற்கு. அவர்களுடைய சுவர் அவர்களுக்கே சொந்தம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஜூன் 15

சொந்தம் என்றதும் அடுத்த மறுப்பு வருகிறது: லயம் தோட்டத்துக்குச் சொந்தமானது, மாற்றம் செய்ய நிர்வாகத்திடம் அனுமதி கேட்க வேண்டும். தொங்கும் சட்டம் சுவரில் ஒரு துளையும் போடுவதில்லை, அவிழ்த்தால் தடமில்லை. ஆனாலும் முளை அடிக்கும் முன் யோசிக்க வேண்டிய நிலையே வருத்தத்துக்குரியது. களவு போகும் என்பார்கள். மூலையில் சாத்தி வைத்தாலும் களவு போகும். தொங்கும்போது ஒரு சங்கிலியை வரிசையாகப் பிடிகளைச் சுற்றி ஓட்டிப் பூட்டு ஒன்று போடலாம், காணாமல் போனதும் உடனே தெரியும்.

காணியும் வீடும் கேட்டுக்கொண்டிருக்கும் மக்களுக்கு ஐந்தடிப் பலகையைப் பற்றிப் பேசுவது பெரிய கோரிக்கையைச் சின்னதாக்கிவிடாதா என்பதுதான் எனக்கு முக்கியமான கேள்வி. நன்றாக யோசித்தே சொல்கிறேன், ஆக்காது. லயத்தில் தீப்பிடித்த செய்தி மலையகத்தில் புதிதல்ல. இருட்டில், புகையில், கதவோரம் சாய்ந்த முள்ளில் கால் சிக்கினால் அந்த நிமிடத்தைக் காணி உறுதி வந்து மீட்டுத் தராது. இன்றைக்குத் தேவையானதை இன்றைக்குச் செய்துகொண்டே நாளைக்குரியதையும் கேட்கலாம்.

ஜூன் 19

தனி வீடு வந்தால் இதெல்லாம் தானாகத் தீரும் என்ற நம்பிக்கையையும் சோதிக்க வேண்டியிருக்கிறது. இந்திய உதவியில் மலையகத்துக்கு முதலில் 4,000 வீடுகள், பிறகு 2017இல் நோர்வூட்டில் அறிவித்த இன்னும் 10,000. முதல் கட்டத்தில் ஏழு பேர்ச் காணியில் 550 சதுர அடி வீடு. லயத்தோடு பார்க்கும்போது பெரிய மாற்றம்தான், அதை யாரும் குறைத்துச் சொல்லக் கூடாது. ஆனால் ஏழு பேர்ச்சில் ஒரு துண்டுத் தோட்டமும் வரும். லீக்ஸ், கரட், உருளைக்கிழங்கு போடுகிறவருக்குக் கருவி கூடும், குறையாது. பூசும்போதே பின்சுவரில் இரண்டு மரக்கட்டைகளைப் பதித்துவிட்டால் அந்த வீட்டின் ஆயுள் முழுக்க எந்தச் சட்டத்தையும் அதில் திருகலாம். செலவு பேசத் தகுந்த அளவில் இராது. வரைபடத்தில் ஒரு கோடு போதும்.

அந்தக் கோட்டை எந்த உயரத்தில் போடுவது என்பதை மேசன் தன் கையால் அளக்கக் கூடாது. தோட்டத்தில் கருவியை அதிகம் எடுத்து வைக்கிறவர் பெரும்பாலும் வீட்டுப் பெண்தான். அவர் குதிகாலை உயர்த்தாமல், இடுப்பில் கட்டிய ஈரப் படங்கோடு நின்றபடி கையை நீட்டி எட்டும் இடத்தில் கரித்துண்டால் ஒரு கோடு இழுக்க வேண்டும், முளை அதற்கு நாலு விரல் கீழே.