அரை நூல்

ஸ்டீயரிங் வேலை கற்றுக்கொண்டு ஏழு வருஷம் கழித்துத்தான் கஸ்டமர் கார் ஒன்றின் ஸ்டீயரிங்கைப் பிடித்து ரோட்டில் ஓட்டினேன். அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

1983இல், ஒன்பதாவதோடு பள்ளிக்கூடம் நின்றதும் அப்பா என்னைக் கள்ளக்குறிச்சியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய் விட்டார். அப்போது அது தென்னாற்காடு மாவட்டம். அப்பா பண்ணையாள். "கையில ஒரு தொழிலு இருந்தா எவன் வாசல்லயும் நிக்க வேணாம்டா" என்றார். ஒர்க்‌ஷாப் வாசலிலேயே முதல் நாள் ஒரு மணி நேரம் நிற்க வைத்தார்கள். அது வேறு.

மேஸ்திரி ஒரு பாய். சென்னையில் வேலை பழகியவர். எனக்காக எப்போதும் வாதாடியவர் என்று பொய் சொல்ல மாட்டேன். காசு கொடுக்கிறவனிடம் அவரும் குழைவார். ஆனால் தொழிலை ஒளிக்காமல் சொல்லிக் கொடுத்தார். டை ராடு முனையை நூலில் பிடித்து முன்சக்கரங்களை நேர் செய்வது எப்படி என்பதை அவரிடம்தான் கற்றேன். எங்கள் தொழிலில் நூல் என்றால் கயிறு மட்டுமில்லை, அங்குலத்தில் எட்டில் ஒரு பாகம். சக்கரங்கள் முன்பக்கம் அரை நூல் உள்வாங்கி நிற்க வேண்டும். கூடினால் டயர் தேயும், குறைந்தால் வண்டி அலையும்.

1989இல் எனக்கு லைசென்ஸ் வந்தது. ஆனாலும் டிரையல் ஓட்டுவது பாயும் இன்னொரு பையனும்தான். அவன் ஊர்த்தெருவான். நான் காலனி. வண்டிக்கு அடியில் படுப்பது நான், மேலே உட்காருவது அவன். யாரும் இதைச் சட்டமாகச் சொல்லவில்லை. சொல்லாமலே நடந்தது.

1990இல் ஒரு ஹெரால்டு வந்தது. ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, இரண்டு கதவு, சென்னையில் 1961 முதல் செய்த வண்டி. இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டுதான் அது. அதே அடிச்சட்டத்தைக் குறுக்கித்தான் 1962இல் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் கார் வந்தது. முன்பக்கம் இரண்டுக்கும் ஒரே மாதிரி. அழகான வண்டி. மூக்கு மொத்தமும் முன்னால் சாய்ந்து திறக்கும். டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். மாட்டுவண்டி திரும்பாத சந்தில் திரும்பும்.

வண்டி ஒரு ரைஸ்மில் முதலாளியுடையது. அவர் மகன் சோழவரத்தில் ரேஸ் பார்த்துவிட்டு வந்திருந்தார். மலை வளைவில் வண்டி அப்படி ஒட்டிக்கொண்டு போக வேண்டுமாம். ரேக்கை அடிச்சட்டத்தோடு பிடிக்கிற ரப்பர்கள் உப்பி நைந்திருந்தன. ஸ்டீயரிங்கைத் திருப்பினால் முதலில் ரேக் நகர்ந்தது, பிறகுதான் சக்கரம். ரப்பருக்குப் பதில் லேத்தில் அலுமினியக் கட்டை கடைந்து போட்டேன். கட்டை உயரம் கொஞ்சம் தப்பினாலும் பள்ளத்தில் விழும்போது சக்கரம் தானாகத் திரும்பும். மூன்று முறை கடைந்தேன். டை ராடு முனைகள் புதுசு. ஸ்டீயரிங் சக்கரம் சின்னதாக வேண்டும் என்றார். திருப்பக் கனக்கும் என்று பாய் சொல்லியும் கேட்கவில்லை.

ஒன்று மட்டும் எனக்கு உறுத்தியது. இந்த வண்டியில் சக்கரத்தைத் தாங்குகிற இரும்புத் தூணின் அடிமுனை மரையாக இருக்கும். அது டிரன்னியன் என்ற வெண்கலத் துண்டுக்குள் திருகி நிற்கும், ஸ்டீயரிங் திரும்பும்போது மரைக்குள்ளேயே சுழலும். அதற்குக் கியர் ஆயில்தான் விட வேண்டும். பையன்கள் நிப்பிளைக் கண்டதும் கிரீஸ் அடித்துவிடுவார்கள். கிரீஸ் காய்ந்து போகும், தண்ணீர் இறங்கும், தூண் உள்ளுக்குள் துருப்பிடித்து வெடிக்கும். இடது பக்கம் கிரீஸ் கல்லாகிக் கிடந்தது. "ரெண்டு தூணையும் மாத்தணும் பாய்" என்றேன். பாய் முதலாளி மகனிடம் சொன்னார். "அதுக்கு எதுக்கு தண்டச் செலவு" என்று முடித்துவிட்டார்.

டிரையலுக்குக் கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையை ஒட்டி, வெள்ளிமலைப் பாதை. பாய் மெதுவாகச் சொன்னார், "வேலை பாத்தவன் ஒருக்கா புடிச்சுப் பாத்தாத்தான் தெரியும்." நிற்கிற வண்டியில் நூல் பிடித்தால் அளவு தெரியும், ஓடுகிற வண்டியின் குறையை உள்ளங்கைதான் சொல்லும். முதலாளி மகன் சிரித்தார். "அவன் கீழ பாத்துக்கட்டும் பாய். மேல நான் பாத்துக்கறேன்."

அவர்கள் ஹெரால்டில். நான் பின்னால் ஒர்க்‌ஷாப் ஜீப்பில், டூல்ஸ் பெட்டியோடு. வளைவுகளில் வண்டி நன்றாகத்தான் போனது, எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. ஒரு குறுகலான இடத்தில் முழுக்க ஒடித்துப் பின்னால் எடுத்துத் திருப்பினார். டப்பென்று ஒரு சத்தம். இடது முன்சக்கரம் கால் ஒடிந்த மாடு மாதிரி உள்ளே மடிந்து, வண்டி சாய்ந்துவிட்டது. வேகமில்லாததால் பிழைத்தார்கள். இறங்கி வந்தவர் நேராக என்னிடம் வந்து அறைந்தார். "நீ கை வச்சதுதான்டா."

பாய் ஒடிந்த முனையை எடுத்து வந்து அவரிடம் நீட்டினார். முக்கால்வாசி பழுப்புத் துரு, ஓரத்தில் மட்டும் பளபளவென்று புது உடைசல். வெடிப்பு பழசு. அவர் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

சுமையோடு இறங்கி வந்த மலையாளிகள் நாலு பேர் வண்டியைத் தூக்கிக் கல் அண்டை கொடுத்தார்கள். 1976 வரை ஜாகீர்தார்களின் பிடியில் கூலியில்லாத வேலை செய்த சனம் அது. 2024இல் கருணாபுரத்தில் கள்ளச்சாராயத்துக்கு அறுபது பேருக்கு மேல் செத்த பிறகுதான், அந்த மலையின் நிலை என்ன என்று உயர்நீதிமன்றம் தானாகவே வழக்கெடுத்துக் கேட்டது. "பிராந்திக்கு ஏதாவது குடுங்கடா" என்று முதலாளி மகன் சொன்னார். அவர்கள் குடிக்கத் தண்ணீர்தான் கேட்டார்கள்.

சென்னை புதுப்பேட்டையில் இரண்டு நாள் அலைந்து நல்ல தூண் இரண்டு பிடித்து வந்தேன். மாட்டி, ஆயில் விட்டு, மறுபடி அரை நூல் வைத்தேன். வண்டி தயார். முதலாளி மகன் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். பிறகு என்னிடம் நீட்டினார். "மலைக்கு நீயே ஓட்டு முதல்ல. நான் ஜீப்ல வரேன்."

உயிர் பயம் வந்ததும் கீழே இருந்தவன் மேலே போனேன். ஆனால் நான் உட்காரும் முன் சீட்டில் நியூஸ்பேப்பர் விரித்தார். கிரீஸ் ஒட்டுமாம். போன வாரம் பாய் அதே கிரீஸ் கைலியோடு அதே வண்டியில் பேப்பர் இல்லாமல்தான் உட்கார்ந்திருந்தார்.

ஓட்டினேன். ரப்பர் போனதால் ரோட்டின் ஒவ்வொரு கல்லும் உள்ளங்கையில் வந்து தட்டியது. நான் நினைக்கிற இடத்துக்குத் துளி முன்னமோ பின்னமோ இல்லாமல் வண்டி திரும்பியது. கனமாகத்தான் இருந்தது. பாய் சொன்னது சரி. மூன்றாவது வளைவில் பேப்பர் கசங்கிக் கீழே சரிந்தது. எடுக்கவில்லை.

எட்டு மாதம் கழித்து அந்த வண்டி சர்வீசுக்கு வந்தது. அடியில் படுத்துப் பார்த்தேன். வேறு எங்கேயோ விட்டு, இரண்டு டிரன்னியனிலும் கிரீஸ் அடித்திருந்தார்கள். கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, ஆயில் விட்டேன்.