பச்சையெல்லாம் காடா?

ஜூன் 12

ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வால்பாறை வந்து சேர்ந்தேன். படித்தது ஜியோஇன்ஃபர்மேட்டிக்ஸ். கூடப் படித்தவர்கள் மென்பொருள் கம்பெனிகளுக்குப் போய்விட்டார்கள். எனக்குக் கிடைத்தது காட்டுயிர் ஆய்வுத் திட்டம் ஒன்றில் ஒப்பந்த வேலை. திட்டத்துக்கு நிதி உள்ளவரை சம்பளம். நேர்முகத்தில் பைதான் தெரியுமா, கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள் தெரியுமா என்று கேட்டார்கள். நாலு மரத்துக்குப் பெயர் சொல்லத் தெரியுமா என்று கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

ஜூலை 3

விடாத மழை. செயற்கைக்கோள் படங்களில் வெறும் மேகம். சென்டினல்-1 ரேடார் மேகத்தை ஊடுருவும் என்றாலும், அந்தப் படத்தைப் படிப்பது தனி வித்தை. அதனால் போன பிப்ரவரியில் எடுத்த சென்டினல்-2 படத்தை வைத்து வேலை நடக்கிறது.

இந்த மேட்டுநிலம் சுமார் 220 சதுர கிலோமீட்டர். பெரும்பகுதி தேயிலை, காபித் தோட்டங்கள். இடையிடையே துண்டு துண்டாக மழைக்காடு. எது காடு, எது தோட்டம் என்று பிரித்துக் காட்டும் வரைபடம் வேண்டும். இலை, சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொண்டு அண்மை அகச்சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் பசுமைக் குறியீடு. கணக்கு சுலபம். ஆனால் நிழல்மரம் வைத்த காபித் தோட்டம், யூகலிப்டஸ், மழைக்காடு மூன்றுமே அதில் நல்ல மார்க் வாங்கிவிடுகின்றன.

இந்திய வன ஆய்வு நிறுவனமும் ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் மரங்களின் தழைப்பரப்பு 10 சதவீதம் இருந்தால் வனப்பரப்பு என்றே எடுத்துக்கொள்கிறது. என்ன மரம், யார் நிலம் என்பது அந்தக் கணக்கில் வராது. அரசுக் கணக்குக்கு அது போதும். பெரிய மரத்துப் பொந்தில் கூடு வைக்கும் இருவாச்சிப் பறவைக்குப் போதாது.

செப்டம்பர் 21

திரையில் பார்த்ததைக் காலால் சரிபார்க்கும் வேலை. கள உதவியாளர் இங்கேயே எஸ்டேட் லயத்தில் பிறந்தவர். நான் காடு என்று குறித்து வைத்திருந்த இடத்தில் நின்று, “மேல பாத்தா காடுதான் பாப்பா. கீழ குனிஞ்சு பாருங்க, பூராவும் காபி” என்றார். அடர்ந்த மரங்களுக்கடியில் ஜிபிஎஸ் வேறு தடுமாறுகிறது. ஓடைக்கு இந்தப் பக்கம் நிற்கும் எங்களை அந்தப் பக்கம் காட்டியது. அட்டைக்கடியைப் பற்றி எழுதப்போவதில்லை. பாடப்புத்தகங்களும் எழுதவில்லை.

டிசம்பர் 5

யானைகள் வந்திருக்கின்றன. பகலில் நடு ஆறு, சோலையாறு கரையோரக் காட்டில் ஒதுங்கும். இருட்டியதும் தோட்டங்களின் வழியே நகரும். இங்கே யானை தாக்கி இறந்தவர்களில் பெரும்பாலோர், யானை பக்கத்தில் நிற்பது தெரியாமலே போய் மாட்டிக்கொண்டவர்கள். அதனால்தான் நேச்சர் கன்சர்வேஷன் பவுண்டேஷன் அமைப்பினர் செல்போனுக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் ஏற்பாட்டையும், தூரத்திலிருந்தே எரியவிடக்கூடிய சிவப்பு விளக்குகளையும் கொண்டுவந்தார்கள்.

லேண்ட்சாட் செயற்கைக்கோள் படத்தில் ஒரு கட்டம் 30 மீட்டர். 20 மீட்டர் அகலத்தில் ஓடும் கரையோர மரவரிசை அதில் பக்கத்துத் தேயிலையோடு கரைந்துவிடும். சென்டினல்-2 படத்தில் கட்டம் 10 மீட்டர் என்பதால் மெல்லிய கோடாகவாவது தெரிகிறது. யானைக்கு அந்தக் கோடுதான் பாதை. அது விடுபட்ட வரைபடத்தைப் பார்த்து ஒருவர் எச்சரிக்கை விளக்குக்கு இடம் தேடினால் என்ன ஆகும்? ஆற்றங்கரை முழுவதையும் நடந்து பார்த்து, கையாலேயே கோடு இழுத்துக்கொண்டிருக்கிறேன்.

ஜனவரி 18

இருவாச்சிக் கூடுகளின் இடக்குறிப்பைப் பொது வரைபடத்தில் போடுவதா என்று பேச்சு வந்தது. கூடாது என்றேன். கேமராவோடு வரும் கூட்டத்துக்கு நாமே வழிகாட்டிப் பலகை நட வேண்டாம்.

பிப்ரவரி 8

கல்லூரியில் இரண்டு வருடம் பின்னால் படிக்கும் பெண் போன் செய்தாள். “அக்கா, எந்த சர்ட்டிபிகேட் கோர்ஸ் சேரலாம்?” இப்போதைக்கு எதுவும் வேண்டாம் என்றேன். கியூஜிஐஎஸ் இலவசம். சென்டினல் படங்கள் இலவசம். லேண்ட்சாட் படங்களும் 2008 முதல் இலவசம். 1972 வரை பின்னோக்கிப் பார்க்கலாம். உன் ஊர் ஏரியை எடுத்துக்கொள். பழைய கரை எங்கே, இன்றைய கரை எங்கே என்று வரை. பிறகு வரைபடத்தை எடுத்துக்கொண்டு கரையைச் சுற்றி நட. ஆடு மேய்ப்பவரிடம் காட்டி, எங்கே தப்பு என்று கேள். அதை முடித்துவிட்டு வேலைக்கு விண்ணப்பம் போடு.