வாய்க்குள் ஒரு பள்ளம்

பல்வலி வந்தவனைப் பார்த்து உலகத்தில் யாரும் 'ஐயோ பாவம்' என்று சொல்வதில்லை. ஜுரம் என்றால் மிளகு ரசம் வைத்துத் தருவார்கள். காலை உடைத்துக்கொண்டால் ஆரஞ்சுப் பழத்தோடு வந்து பார்ப்பார்கள். பல்வலி என்றால் மட்டும், "கிராம்பு வெச்சுப் பார்த்தியா?" அவ்வளவுதான். கேட்டவர் போய்விடுவார். கிராம்பும் நாமும் மிச்சம்.

2023-ல் நடந்தது இது. அந்த வருஷம் மெட்ரோவுக்காகப் பனகல் பார்க் பக்கம் ஒரு பள்ளம், லஸ் பக்கம் ஒரு பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். நான் மயிலாப்பூரில் சித்திரக்குளத்துக்கு அருகே ஒரு மாடி போர்ஷனில் குடியிருந்துகொண்டு, தி.நகரில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன். ஆகவே தினமும் இரண்டு வேளை 5பி பஸ்ஸில் தொங்கிக்கொண்டே அந்தப் பள்ளங்களைத் திட்டுவேன். மூன்றாவதாக ஒரு பள்ளம் என் கீழ்க் கடைவாயில், வலது பக்கம், சத்தமே இல்லாமல் தோண்டப்படுவது எனக்குத் தெரியாது.

தெரியாது என்றால் பொய். நன்றாகவே தெரியும். நாக்கு தினம் பத்துத் தடவை அங்கே போய்த் துழாவிவிட்டு வந்து ரிப்போர்ட் கொடுத்துக்கொண்டுதான் இருந்தது.

டாக்டரிடம் ஏன் போகவில்லை என்கிறீர்களா? நீங்கள் ஏன் போகவில்லையோ, அதே காரணம்தான். பயம். பயத்துக்குப் பக்கத்து சீட்டில் பர்ஸ்.

இந்த இடத்தில்தான் என் ரூம்மேட் வருகிறான். சொந்த ஊர் தர்மபுரிப் பக்கம் ஒரு கிராமம். கம்ப்யூட்டர் உத்தியோகம். பெயர் வேண்டாம், பெண் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். காலையில் அவன் பல் தேய்ப்பது ஒரு பூஜை மாதிரி. சுவர் கடிகாரத்தைப் பார்த்து முழுசாக மூன்று நிமிஷம். பேஸ்ட் டியூபைக் கடைசியிலிருந்து சுருட்டிச் சுருட்டித்தான் பிதுக்குவான். காரணம் பக்தி இல்லை, விலை. ஒரு டியூப் 640 ரூபாய்!

"எங்க தாத்தா கோபால் பல்பொடியில தேய்ச்சே எண்பது வயசு வரைக்கும் முறுக்கு கடிச்சார்டா" என்றேன்.

"நீ?"

"நான் அந்த ரோஸ் கலர் பொடியைத் தேய்ச்சதைவிடத் தின்னதுதான் ஜாஸ்தி."

"அதான் உன் பல்லு இப்படி இருக்கு" என்றவன், டியூபை என் கண்ணுக்கு நேராகப் பிடித்தான். "இதுல ஃப்ளோரைடு கிடையாது. அது விஷம் மச்சான். இதுல இருக்கிறது ஹைட்ராக்ஸிஅபடைட். பல்லு எதுல செஞ்சிருக்கோ அதே சரக்கு. தேய்க்கத் தேய்க்க ஓட்டை தானா மூடிக்கும். ஈறும் கெட்டியாயிடும்."

"அதுக்கு என்ன ஆதாரம்?"

"நான்தான் ஆதாரம். எனக்கு ஒரு சொத்தை உண்டா பாரு!"

வாயைத் திறந்து காட்டினான். இரண்டு வருஷம் ஒரே அறையில் இருந்தும் அவன் பல்லை அன்றைக்குத்தான் முழுசாகப் பார்க்கிறேன். சிரிக்கும்போது எப்போதும் கையால் வாயை மூடிக்கொள்வான். கூச்ச சுபாவம் என்று நினைத்திருந்தேன். முன்பற்களில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளைத் திட்டுகள், குறுக்கே பழுப்புக் கோடுகள். ஆனால் சொன்னது நிஜம். முப்பத்திரண்டில் ஒரு ஓட்டை இல்லை. என் பல்லோ பார்க்க வெள்ளை வெளேர். உள்ளே போனால் சல்லடை.

இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்? டாக்டர் என்றால் ஊசி, மெஷின், பில். இது புதினா வாசனையோடு மூன்று நிமிஷம். நான் மதம் மாறிவிட்டேன்.

பொங்கலுக்கு ஆரம்பித்தேன். தமிழ்ப் புத்தாண்டுக்குள் பல் கூச்சம் கொஞ்சம் குறைந்தது. 'வளருது மச்சான், வளருது!' என்று குதித்தேன். ஈறில் ரத்தம் மட்டும் நிற்கவில்லை. அதற்கு நானே ஒரு வைத்தியம் கண்டுபிடித்தேன்: ரத்தம் வரும் இடத்தில் பிரஷ்ஷே படாமல் தேய்ப்பது. ரத்தம் நின்றுவிட்டது. கண்ணை மூடிக்கொண்டால் கடன்காரன் மறைந்துவிடுவான் அல்லவா, அந்த மாதிரி.

அக்டோபர் வந்தது. ஆயுத பூஜைக்கு முந்தைய வெள்ளிக்கிழமை. ஆபீஸில் கம்ப்யூட்டருக்கெல்லாம் சந்தனப் பொட்டு வைத்து, ஆளுக்கு ஒரு பொட்டலம் பொரி கொடுத்தார்கள். பொரி சாது. ஆனால் அதற்குள் ஒரே ஒரு வறுகடலை ஒளிந்திருந்தது.

'டக்.'

ஆடிட்டுக்கு வந்தவர்கூடத் திரும்பிப் பார்த்தார். கடைவாய்ப் பல்லில் பாதி என் உள்ளங்கையில் இருந்தது. மிச்சப் பாதி, உச்சந்தலை வரைக்கும் ஒரு மின்சாரக் கம்பியை இழுத்துக் கட்டியிருந்தது.

ராத்திரி ஏழு மணிக்கு ரூம்மேட்தான் ஆட்டோ பிடித்தான். மந்தைவெளி தாண்டி, திரு.வி.க. பாலம் ஏறி, அடையாறில் ஒரு பல் டாக்டர். நடுத்தர வயது அம்மாள். நாற்காலியில் சாய்ந்து, பக்கத்துத் தட்டில் வரிசையாக மின்னிய கருவிகளைப் பார்த்தபோதுதான், நம் முன்னோர்கள் ஆயுதங்களை ஏன் கும்பிட்டார்கள் என்று எனக்குப் புரிந்தது.

"எத்தனை நாளா இருக்கு?"

"ஒ... ஒம்போது மாசமா பேஸ்ட்..." என்று கதையைச் சொன்னேன். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. அதுவே பெரிய உபகாரம்.

"என்ன வேலை பார்க்கறீங்க தம்பி?"

"அக்கவுன்ட்ஸ்."

"அப்ப சுலபமாப் புரியும். எனாமல்ல நூத்துக்குத் தொண்ணூத்தாறு பங்கு தாதுப்பு. நீங்க இனிப்புக் காபி குடிச்சா, வாயில இருக்கிற கிருமி அதுல அமிலம் தயாரிக்கும். அமிலம் பல்லுல இருந்து கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் கரைச்சு எடுக்கும். அது டெபிட். கொஞ்ச நேரத்துல எச்சில் அதைத் திருப்பிப் போடும். அது கிரெடிட். ஆபீஸ்ல ஒரு நாளைக்கு எத்தனை காபி?"

"ஆறு."

"டெபிட்டாவே போட்டிருக்கீங்க. ஃப்ளோரைடு என்ன பண்ணும்னா, திரும்பிப் போற சரக்கை முன்னைவிடக் கெட்டியா ஒட்ட வைக்கும். அமிலத்துக்கு லேசுல கரையாது. உங்க ஹைட்ராக்ஸிஅபடைட்டும் கிரெடிட் பக்கம்தான். அதை ஏமாத்துன்னு நான் சொல்லமாட்டேன். ஜப்பான்ல 1993-லேயே சொத்தையைத் தடுக்கும்னு அங்கீகாரம் கொடுத்திருக்காங்க. கூச்சம் குறையும். பல்லு மேல வெள்ளையா ஒரு புள்ளி விழும் பாருங்க, ஓட்டைக்கு முந்தின கட்டம், அதைச் சரி பண்ணலாம். ரெண்டுல எதுக்கு ரொம்ப வருஷத்து ஆதாரம் இருக்குன்னா, ஃப்ளோரைடுக்குத்தான்."

"அப்ப என் ஓட்டை?"

"இடிஞ்ச சுவத்துக்கு வெள்ளை அடிச்சா சுவர் எழும்புமா? மேல் தோல் உடைஞ்சு பள்ளம் விழுந்தாச்சுன்னா கிருமி உள்ளே போய் உக்காந்துக்கும். பிரஷ் எட்டாது. எந்த பேஸ்ட்டும், 640 ரூபாயோ பத்து ரூபாயோ, அதை மூடாது. ஒம்போது மாசம் முன்னாடி வந்திருந்தா அடைச்சு அனுப்பியிருப்பேன். இப்ப நரம்பு வரைக்கும் போயாச்சு. ரூட் கேனால்."

ஈறுக்கும் தனியாக அர்ச்சனை நடந்தது. ரத்தம் வருகிற இடத்தில்தான் அழுக்குப் படிந்திருக்கிறதாம். அங்கே தேய்க்காமல் விட்டதால் அது காரையாக இறுகிவிட்டது. இறுகின காரையை எந்த பேஸ்ட்டும் கரைக்காது, சுரண்டித்தான் எடுக்க வேண்டும். "ஸ்கேலிங் பண்ணினா பல்லு ஆடும்னு சொல்றாங்களே மேடம்?" என்றேன். "ஆடற பல்லைக் காரை மூடி வெச்சிருக்கும். எடுத்ததும் தெரியுது. பழி எங்க மேல. நல்லவேளை, உங்களுக்கு எலும்பு கரையலை. கரைஞ்சிருந்தா அது திரும்பி வராது" என்றார்.

இத்தனையையும் மூலையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான் என் குருநாதர். தாங்க முடியவில்லை அவனால்.

"மேடம், ஃப்ளோரைடு விஷம் இல்லையா? எங்க ஊர்ல..."

"எந்த ஊரு?"

சொன்னான். அம்மாள் கையுறையைக் கழற்றி, புது ஜோடி மாட்டிக்கொண்டார். "உக்காருங்க தம்பி. கையை எடுங்க. வாயைத் திறங்க."

ஒரு நிமிஷம் பார்த்தார். "சொத்தையே இல்லையே! அந்தப் பேஸ்ட்டாலதான்னு நினைச்சீங்களா?"

"ஆமா."

"நீங்க அந்தப் பேஸ்ட் வாங்கறதுக்குப் பல வருஷம் முன்னாடியே இந்தப் பல்லு இப்படி ஆயிடுச்சு. சின்ன வயசுல, பல்லு தாடைக்குள்ள உருவாகும்போதே, உங்க ஊர் போர்த் தண்ணியில இருந்த ஃப்ளோரைடு உள்ளே போயிடுச்சு. கறை வந்தது அதனால. லேசான கறைதான், அதனால பல்லு கெட்டியாவும் ஆயிருக்கு. சொத்தை வராம இருக்கிறதுக்கு அதுவும் ஒரு காரணம்."

அறையில் ஏ.சி. சத்தம் மட்டும் கேட்டது. ஃப்ளோரைடு இல்லாத பேஸ்ட்டுக்கு அவன் காட்டிய ஆதாரமே ஃப்ளோரைடு! அதை நம்பி நான் இழந்தது ஒரு கடைவாய்ப் பல்.

பிறகு நானும் கொஞ்சம் படித்தேன். அமெரிக்காவில் கொலராடோ ஸ்பிரிங்ஸ் ஊருக்கு 1901-ல் போன ஃபிரெடரிக் மெக்கே என்ற பல் டாக்டரும் இதே மாதிரிப் பழுப்புப் பல்லைத்தான் பார்த்திருக்கிறார். கறை இருக்கிற பல்லில் சொத்தை குறைவு என்பது அவருக்குப் புதிர். காரணம் தண்ணீரில் இருந்த ஃப்ளோரைடு என்று 1931-ல்தான் தெரிந்தது. நம் பக்கத்துக் கதை இன்னும் கிட்டத்தில் இருக்கிறது. அன்றைய மதராஸ் ராஜதானியைச் சேர்ந்த நெல்லூர் மாவட்டத்தில், தண்ணீர் ஃப்ளோரைடு பல்லோடு நிற்காமல் எலும்பையும் இறுக்கி ஆளை முடக்குகிறது என்று 1937-ல் எழுதினார்கள். எழுதியவர்களில் ஷார்ட் என்பவர் நம் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் இருந்தவர். நாம் தினம் பஸ்ஸில் கடந்து போகிற கிண்டிதான்!

ஆக, என் நண்பன் சொன்னது முழுப் பொய் இல்லை. அளவுதான் விஷயம். குடிதண்ணீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். தண்ணீரை லிட்டர் லிட்டராக, பிறந்த நாளிலிருந்து குடிக்கிறோம். பேஸ்ட்டில் கிலோவுக்கு ஒரு கிராமுக்கு மேல் ஃப்ளோரைடு கூடாது என்பது இந்தியச் சட்டம். பட்டாணி அளவு பேஸ்ட் என்றால் கால் மில்லிகிராம். அதையும் துப்பிவிடுகிறோம். பல்லெல்லாம் முளைத்து முடிந்த நம்மைப் போன்ற தடியன்களுக்கு அதனால் கறை வராது. ஆனால் போர்த் தண்ணீர் கெட்டுப்போன ஊர்களில், பேஸ்ட்டை விழுங்குகிற குழந்தைகளுக்கு எது சரி என்று டாக்டரைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். அந்த 640 ரூபாய் டியூபுக்கு நியாயமான இடம் அங்கே இருந்தாலும் இருக்கும்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் அவன் பேசவில்லை. எனக்கு மரத்துப் போன வாய். பாலத்தின் மேல் வரும்போது திடீரென்று போனை எடுத்தான்.

"ஏம்மா, இப்ப எந்தத் தண்ணி குடிக்கிற?"

ஸ்பீக்கரில் அந்த அம்மாவின் குரல் கேட்டது. "குழாத் தண்ணி வருது கண்ணு. அதைத் துணி துவைக்க வெச்சுக்கறேன். குடிக்க நம்ம போர்தான். அதுலதான் ருசி."

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் என்று ஜப்பான் கடனுதவியோடு காவிரியிலிருந்து தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் குழாய் போட்டார்கள். 2013-ல் தொடங்கி வைத்தார்கள். அந்தத் திட்டத்தின் பெயரிலேயே ஃப்ளோரைடு பாதிப்பைக் குறைப்பது என்று இருக்கிறது. அந்தக் காவிரி இவன் வீட்டு வாசலுக்கே வந்தும், போய்ச் சேர்ந்தது அழுக்குத் துணியில்.

"உனக்கு முட்டி ஏன் மடங்கலை, முதுகு ஏன் குனியலைன்னு தெரியுமாம்மா?" என்று கத்தினான். அதற்கு மேல் அவனால் பேச முடியவில்லை. நான் அவன் தோளில் கை வைத்தேன். அறுநூத்தி நாற்பது ரூபாய்க்கு அவன் ஏன் டியூப் வாங்கினான் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பேஸ்ட்டைப் பற்றி அவனுக்கு ஒன்றும் தெரியாது. அம்மாவின் முட்டியைப் பற்றித் தெரியும்.

அந்த ஆயுத பூஜை லீவுக்கே ஊருக்குப் போனான். போர்த் தண்ணீர்க் குடத்தைக் கழுவித் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, குழாய்த் தண்ணீர்க் குடத்தை அடுப்படிக்குக் கொண்டு வந்துவிட்டு வந்தான். அம்மாவை ஆஸ்பத்திரியிலும் காட்டினான். இறுகின எலும்பு இளகி வராது, இனிமேல் சேராமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார்களாம்.

என் கணக்கு: மூன்று தடவை நாற்காலி, ஒரு தொப்பி, 9,000 ரூபாய். ஒன்பது மாசம் முன்னால் போயிருந்தால் ஆயிரத்தோடு முடிந்திருக்கும். பர்ஸ் பயம் உள்ளவர்கள் கோட்டை ஸ்டேஷன் பக்கம் இருக்கிற அரசு பல் மருத்துவக் கல்லூரிக்குப் போகலாம். 1953-லிருந்து இருக்கிறது. வாயைத் திறக்கத் தயாராக இருந்தால் போதும். காரை எடுத்து இரண்டு வாரத்தில் ஈறு ரத்தம் நின்றது, இந்தத் தடவை நிஜமாகவே. இப்போது சாதாரண ஃப்ளோரைடு பேஸ்ட்தான். காபி ஆறிலிருந்து மூன்று.

நண்பனின் பழுப்புக் கோட்டை மறைக்க வழி இருக்கிறது என்றார் டாக்டர். "பார்க்கலாம் மேடம்" என்று சொல்லிவிட்டான். போன மாசம் ஒரு பெண் வீட்டுக்குப் போயிருந்தோம். அந்தப் பெண் ஏதோ சொல்ல, இவன் விழுந்து விழுந்து சிரித்தான். கை மடியிலேயே இருந்தது.

நான்தான் பதறிப்போய் என் வாயை மூடிக்கொண்டேன். எனக்கு அன்றைக்குத் தொப்பி கழன்றிருந்தது!