ஒற்றை போல்ட்டில் நின்ற ஸ்டெப்னி

"சார், வண்டி இடிக்கலைன்னு சொல்றாங்க. டயர்தான் இடிச்சுதாம். அதுக்கு இன்சூரன்ஸ் வராதாமே, நெஜமா?"

கணவனை இழந்த பெண் வழக்கறிஞரான என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது. யாரோ காவல் நிலைய வாசலிலேயே அவருக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். இந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான் வழக்கு முழுவதும் நடந்தது.

2016-ல் ஒரகடத்துக்குப் பக்கத்தில், வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் நடந்த விபத்து. இறந்தவருக்கு 27 வயது. ஓர் உதிரிபாகக் கூடத்தில் ஒப்பந்தத் தொழிலாளி. இரவு ஷிப்ட் முடிந்து பைக்கில் திரும்பிக்கொண்டிருந்தார். முன்னால் போன பிக்கப்பை வலப்புறமாக முந்தும்போது, அதன் பாடிக்கு வெளியே, பக்கவாட்டில் மாட்டியிருந்த ஸ்டெப்னி கழன்று சாலையில் விழுந்து உருண்டது. பைக்கின் முன்சக்கரம் அதில் ஏறியது. தலைக்கவசம் போட்டிருந்தார். சாலை நடுவிலிருந்த தடுப்பில் கழுத்து மோதியதால் அது காப்பாற்றவில்லை.

ஸ்டெப்னி ஏன் பக்கவாட்டுக்குப் போனது என்பதை அந்தப் பகுதியை அறிந்தவர்களால்தான் புரிந்துகொள்ள முடியும். இருங்காட்டுக்கோட்டையில் கார் ஆலை, ஒரகடத்தில் கார், லாரி, புல்லட் ஆலைகள், டயர் ஆலையும்கூட. அவற்றைச் சுற்றி, அவற்றுக்குப் பாகம் செய்து கொடுக்கும் சிறு கூடங்கள் ஏராளம். ஆலைக்குள் சரக்கு குறித்த நேரத்தில் போய்ச் சேர வேண்டும். தாமதித்தால் அங்கே லைன் நின்றுவிடும். அந்தச் சரக்கில் பெரும்பகுதியைச் சுமப்பவை குட்டியானைகளும் பிக்கப்புகளும்தான். ஒரு நடைக்கு எத்தனை பிளாஸ்டிக் பெட்டி ஏறுகிறது என்பதில்தான் வண்டிக்காரரின் வரும்படி இருக்கிறது.

கம்பெனியிலிருந்து வரும்போது பெரும்பாலான பிக்கப்புகளில் ஸ்டெப்னி பாடிக்கு அடியில், பின் ஆக்சிலுக்குப் பின்னால், படுத்த வாக்கில் தொங்கும். எடை தாழ்வாக இருக்கும், சரக்குக்கான இடமும் குறையாது. வண்டிக்கு நல்லதுதான், டிரைவருக்குத்தான் பாடு. பின்டயர் பஞ்சரானால், லோடு ஏறிய வண்டியின் அடியில் மண்ணில் முதுகு பட ஊர்ந்து போக வேண்டும். சேறும் துருவும் ஏறிச் சங்கிலி இறுகிக் கிடக்கும். இரவில் சாலையோரம் நிறுத்தினால் திருட்டுப் பயம் வேறு. பாடிக்குள் வைத்தால் இரண்டு பெட்டி வைக்கும் இடம் போய்விடும். கேபினுக்கும் பாடிக்கும் நடுவே நிறுத்தலாமென்றால் பல வண்டிகளில் அதற்கு இடைவெளி கிடையாது. கேபின் மேலே ஏற்றினால், ரிம்மோடு சுமார் 20 கிலோ எடையுள்ள சக்கரத்தை ஒற்றை ஆள் தலைக்கு மேலிருந்து இறக்க வேண்டும். எல்லாவற்றையும் யோசித்துப் பார்த்து, இந்த வண்டியின் உரிமையாளர் பட்டறையில் ஓர் ஆங்கிள் வெல்டிங் வைத்து வலப்பக்கம் மாட்டிவிட்டார்.

அவர் கெட்டவர் இல்லை. ஒரே வண்டி வைத்து, தவணை கட்டிக்கொண்டிருந்தவர். ஆனால் அவர் மிச்சப்படுத்திய இடத்துக்கும் நேரத்துக்கும் உரிய ஆபத்து அவர் தலையிலும் டிரைவர் தலையிலும் விழாது, பின்னால் வருகிறவர் மேல்தான் விழும். இதை நீதிபதி மனதில் பதியவைப்பதே என் வேலை என்று முடிவு செய்தேன்.

செங்கல்பட்டு மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு போட்டோம். காப்பீட்டு நிறுவனத்தின் எதிருரை திறமையாகவே எழுதப்பட்டிருந்தது. வண்டி பைக்கின் மேல் மோதவில்லை, டிரைவர் வேகமாகவும் ஓட்டவில்லை, மோட்டார் வாகன ஆய்வாளரின் (எம்.வி.ஐ.) அறிக்கையே இயந்திரக் கோளாறால் விபத்து நேரவில்லை என்கிறது. ஆகவே இது தெய்வச் செயல். அப்படியே இல்லையென்றாலும், அனுமதி இல்லாமல் வண்டியை மாற்றியமைத்தது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவுக்கு விரோதம்; பாலிசி நிபந்தனை மீறப்பட்டதால் நாங்கள் பொறுப்பில்லை என்றது அது.

எம்.வி.ஐ. அறிக்கை அச்சடித்த படிவம். ஸ்டியரிங், பிரேக், ஓடும் டயர்கள், விளக்கு எல்லாவற்றுக்கும் பத்தி உண்டு. ஸ்டெப்னி தாங்கியைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. ஆனால் காவல்துறையின் மகஜரில் ஒரு வரி கிடைத்தது. விபத்துக்குப் பிறகு டிரைவர் சக்கரத்தைத் தூக்கிப் பாடிக்குள் போட்டிருந்தார். எழுதிய ஏட்டையா அதையும் விடாமல் குறித்திருந்தார். சாலையில் கிடந்த ஒரு நட்டும் அதில் இருந்தது. அந்த ஏட்டையாவுக்கு நான் இன்றும் நன்றி சொல்வேன். அந்த நட்டைப் பொருட்டாக நினைக்காமல் விட்டிருந்தால், என் கையில் எதுவும் இருந்திருக்காது.

வழக்குச் சொத்தாக வந்த தாங்கியை நீதிமன்ற மேசையில் வைத்துப் பார்த்தோம். சக்கரத்தை நிறுத்த ஒரே ஒரு போல்ட். நுனியில் மூன்று நான்கு மரை மட்டும் மழுங்கித் தேய்ந்திருந்தது. நட் முழுவதும் ஏறாமல் நுனியிலேயே நின்று ஆடியிருக்கிறது என்பதை அது காட்டியது. லாக் நட் இல்லை. பின் செருகத் துளை இல்லை. போல்ட் நுழையும் ஓட்டை வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தது. ஒரே நாளில் வருகிற தேய்மானம் இல்லை அது. காப்புச் சங்கிலியும் கிடையாது.

பட்டறைக்காரரை சாட்சியாக அழைத்தேன். பயந்துகொண்டே கூண்டில் ஏறினாலும் உண்மையைச் சொன்னார். "மூணு போல்ட் வைக்கிறேன்னுதான் சொன்னேங்க. கழட்டி மாட்ட நேரமாகும், ஒண்ணு போதும்னாரு." டிரைவரும், நட் அவ்வப்போது தளர்ந்ததையும் தானே கையால் முறுக்கியதையும் ஒப்புக்கொண்டார். எம்.வி.ஐ.யிடம் நான் அதிகம் கேட்கவில்லை. ஸ்டெப்னி தாங்கியைப் பார்த்தீர்களா என்றேன். பார்க்கவில்லை என்றார். அது போதுமானதாக இருந்தது.

டிரைவர் மேல் போட்ட குற்ற வழக்கு இதற்குள் விடுதலையில் முடிந்திருந்தது. எதிர்த்தரப்பு அந்தத் தீர்ப்பைக் கொண்டுவந்து வைத்தது. நான் 1980-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன என்.கே.வி. பிரதர்ஸ் எதிர் கருமாயி அம்மாள் தீர்ப்பை எடுத்தேன். பேருந்து தாழத் தொங்கிய உயரழுத்த மின்கம்பியில் பட்டு எட்டுப் பேர் இறந்த வழக்கு அது. அங்கும் டிரைவர், தெய்வச் செயல் என்று குற்ற வழக்கில் விடுதலையானவர்தான். ஆனாலும் இழப்பீடு உண்டு என்றார் நீதிபதி கிருஷ்ணய்யர். இங்கொரு சந்தேகம், அங்கொரு தெளிவின்மை என்று காட்டி உரிமையாளர்கள் தப்பிவிடக் கூடாது என்று தீர்ப்பாயங்களை எச்சரித்தார். தெய்வச் செயல் என்ற வாதத்தைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். மழுங்கிய மரையைத் தெய்வம் செய்யவில்லை.

வண்டி இடிக்கவில்லை என்ற வாதத்துக்கு 1991-ஆம் ஆண்டின் சிவாஜி தயானு பாட்டீல் தீர்ப்பு பதில் சொன்னது. கவிழ்ந்து கிடந்த பெட்ரோல் டேங்கர் சில மணி நேரம் கழித்து வெடித்ததையும், வாகனப் பயன்பாட்டால் விளைந்த விபத்து என்றே உச்ச நீதிமன்றம் ஏற்றது. ஓடும் வண்டியிலிருந்து அந்த வண்டியின் சக்கரமே விழுந்தது அதைவிடத் தெளிவான சங்கதி.

மாற்றியமைத்தல் விஷயத்தில்தான் நீதிபதி நீண்ட நேரம் தயங்கினார். மூன்றாம் நபருக்கு எதிராகக் காப்பீட்டாளர் எந்தெந்த வாதத்தை எடுக்கலாம் என்பதைச் சட்டமே பட்டியலிட்டிருக்கிறது. அப்போது அது 149(2)-ஆவது பிரிவு. பட்டியலுக்கு வெளியே போக முடியாது என்பது 1959-ல் கேப்டன் இத்பார் சிங் வழக்கிலேயே முடிந்துபோன விஷயம். உரிமம் இல்லாத டிரைவர் அந்தப் பட்டியலில் உண்டு. இடம் மாறிய ஸ்டெப்னி இல்லை. பதிவுச் சான்றிதழில் ஸ்டெப்னியின் இடம் குறிக்கப்படவே இல்லை என்பதையும் காட்டினேன். நீதிபதி ஏற்றுக்கொண்டார்.

வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே, 2017 அக்டோபர் 31 அன்று உச்ச நீதிமன்றத்தின் பிரணய் சேத்தி தீர்ப்பு வந்தது. ஒப்பந்தத் தொழிலாளியின் குடும்பத்துக்கு அதன் அருமை தெரியும். நிரந்தர வேலை இல்லாதவருக்கும், 40 வயதுக்குள் இருந்தால், எதிர்கால வருவாய் உயர்வாக 40 சதவீதம் சேர்க்க வேண்டும் என்றது. வங்கிக் கணக்கில் ஏறிய சம்பளம் மாதம் 12,000 ரூபாய். உயர்வோடு 16,800. மனைவி, மகள், தாய் என மூன்று பேர் சார்ந்திருந்ததால் அவருடைய சொந்தச் செலவுக்கு மூன்றில் ஒரு பங்கு கழித்து 11,200. அதை ஆண்டுக்கணக்காக்கி, 27 வயதுக்கு உரிய 17-ஆல் பெருக்கினால் 22,84,800. மற்ற தலைப்புகளில் 70,000. ஆக மொத்தம் 23,54,800 ரூபாய், மனுத் தேதியிலிருந்து 7.5 சதவீத வட்டியோடு. முழுப் பொறுப்பும் காப்பீட்டு நிறுவனத்துக்கு.

அதற்குப் பின் இரண்டு மாற்றங்கள் வந்துவிட்டன. 2020-ல், ஒன்பது பேருக்கு மிகாத 3.5 டன்னுக்குள்ளான பயணிகள் வாகனங்களுக்கு, ட்யூப்லெஸ் டயரும் காற்றழுத்தம் காட்டும் கருவியும் பஞ்சர் கிட்டும் இருந்தால் ஸ்டெப்னி கட்டாயமில்லை என்றார்கள். சரக்கு பிக்கப்புக்கு இந்தச் சலுகை இல்லை. அதன் சக்கரம் எங்காவது தொங்கியாக வேண்டும். 2022 ஏப்ரல் முதல், இழப்பீட்டு மனுவை ஆறு மாதத்துக்குள் போட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. இன்சூரன்ஸ் வராது என்று யாரோ சொன்னதை நம்பி வீட்டில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அது பெரிய அடி. தகுதிச் சான்றுக்கு (எஃப்.சி.) வரும் ஒவ்வொரு பிக்கப்பிலும் ஆய்வாளர் ஸ்டெப்னியைப் பிடித்து ஒருமுறை ஆட்டிப் பார்க்க வேண்டும், படிவத்தில் அதற்கென்று ஒரு பத்தியும் வேண்டும் என்று வாய்ப்புக் கிடைக்கும் இடமெல்லாம் சொல்லி வருகிறேன்.

நிறுவனம் மேல்முறையீட்டுக்குப் போகாமல் தொகையைக் கட்டியது. மனைவி, தாய் பங்குகள் அவரவர் கணக்குக்குப் போயின. மகளின் பங்கு, அவள் மேஜராகும் வரை தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் வைப்புத்தொகையாக இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டியை அவளுடைய அம்மா எடுத்துக்கொள்ளலாம்.