வீட்டில் கேட்கும் இரண்டு சிரிப்புகள்



ஆதியாகமம் 21-ஆம் அதிகாரத்தில் இரண்டு சிரிப்புகள் உண்டு. ஆறாம் வசனத்தில், வாக்குத்தத்தத்தின் பிள்ளையைப் பெற்ற சாராள் ஆனந்தத்தால் நகைக்கிறாள். ஒன்பதாம் வசனத்தில், ஆகாரின் மகன் பரியாசம் செய்கிறான். முதல் சிரிப்பு வீட்டை மகிழ்வித்தது. மற்றது வீட்டைப் பிரித்தது. மும்பையிலும் தில்லியிலும் சிறு அறைகளில் வாழும் நம் குடும்பங்களில், தொலைக்காட்சி எழுப்பும் சிரிப்பு எவ்வகையானது? நம் பிள்ளைகள் இந்தியில் பார்த்து மகிழும் இரண்டு ஜப்பானியக் கார்ட்டூன்களை நிதானித்துப் பார்ப்போம்.

டோரேமான், 1969-இல் சிறுவர் இதழ்களில் படக்கதையாகத் தொடங்கியது. 22-ஆம் நூற்றாண்டிலிருந்து வந்த இயந்திரப் பூனை, சோம்பல் மிகுந்த நோபிதாவுக்குத் தன் வயிற்றுப் பையிலிருந்து அதிசயக் கருவிகளை எடுத்துத் தருகிறது. உழைக்காமல் பலன்பெற அவன் அவற்றைப் பயன்படுத்தி, முடிவில் தானே அகப்பட்டுக்கொள்கிறான். குறுக்குவழி தோற்பதே இங்கு நகைச்சுவை. கலாத்தியர் 6:7-ஐப் பிள்ளைகளுக்கு விளக்க இது உதவும். ஆயினும் ஒரு கண்ணி உண்டு. மனந்திரும்பாமலே அவன் மறுபடியும் அந்தப் பையை நாடுகிறான். நம்மில் சிலருடைய ஜெபமும் அப்படித்தான் இருக்கிறது. கர்த்தர் அற்புதம் செய்கிறவர். ஆனால் அவர் நம் வசதிக்கான பை அல்லர்.

ஷின்சான் வேறு வகை. யோஷிடோ உசுய் 1990-இல் பெரியவர்களுக்கான வார இதழில் இதை வரையத் தொடங்கினார். 1992-இல் தொலைக்காட்சிக்கு வந்தது. தகப்பன் ஹிரோஷி அகிதாவைச் சேர்ந்தவர். தாய் மிசாயே குமாமோட்டோவைச் சேர்ந்தவர். இருவரும் சொந்த ஊரைவிட்டு, தோக்கியோவுக்கு அருகே வீட்டுக்கடனோடு வாழ்கிறார்கள். நம்மைப் போன்ற குடும்பம்! பெரியவர்கள் அதில் தங்கள் களைப்பைக் கண்டு சிரிக்கிறார்கள். குழந்தையோ, தாயின் உடலையும் தகப்பனின் கால் நாற்றத்தையும் கேலிசெய்யும் ஐந்து வயதுச் சிறுவனை மட்டுமே காண்கிறது. 2008-இல் நம் நாட்டில் இது தடைசெய்யப்பட்டு, 2009-இல் திருத்தங்களுடன் திரும்பியது. கத்தரிக்கோல் சில காட்சிகளை நீக்கும். பெற்றோரை இகழும் தொனியை நீக்காது.

அந்தத் தொனி நம் வீட்டிலும் கேட்கிறது. சரளமாக இந்தி பேசும் பிள்ளை, காய்கறிக்காரரிடம் தடுமாறும் தாயைப் பார்த்து நகைக்கிறது. அந்தத் தடுமாறும் இந்தியைக் கொண்டே அவள் அந்நிய நகரில் குடும்பத்தை நடத்தினாள் என்பதை அது அறியாது. நோவாவின் நிர்வாணத்தைக் கண்ட காம் அதை வெளியே சொன்னான். சேமும் யாப்பேத்தும் பின்னிட்டு நடந்துவந்து மூடினார்கள் (ஆதியாகமம் 9:22, 23). நம் பிள்ளைகள் யாருடைய வழியில் நடக்கிறார்கள்?

பிரியமானவர்களே, பெட்டியை உடைக்கச் சொல்லவில்லை. அரைமணி நேரம் பிள்ளையோடு அமர்ந்து பாருங்கள். "நாம் யாரைப் பார்த்துச் சிரித்தோம்? அவர் இங்கே இருந்தால் அவரும் நம்மோடு சிரிப்பாரா?" என்று கேளுங்கள். உங்கள் ஊர்க் கதைகளையும், நகரத்திற்கு வந்த நாளில் பட்ட பாடுகளையும் தமிழில் சொல்லுங்கள். உங்கள் பாட்டை அறிந்த பிள்ளை உங்களை எளிதில் இகழாது.

இன்னொன்றும் உண்டு. தகாத பரியாசத்தை விலக்கும் எபேசியர் 5:4, பெரியவர்களாகிய நமக்கும் உரியது. ஆராதனை முடிந்து வந்து, சாப்பாட்டு வேளையில் சக விசுவாசியின் சாட்சியை நாம் கேலிசெய்தால், பிள்ளைக்கு ஷின்சான் தேவையில்லை, நாமே போதும்.

சாராளின் நகைப்பை உங்கள் வீடுகளில் கர்த்தர் நிரப்புவாராக. ஆமென்.