மணிக்கட்டு

லாங் பஜார் மண்டிக்காரர்கள் பணம் கட்ட வரும் நேரம் வலது மணிக்கட்டு வலிக்கத் தொடங்கும். நோட்டெண்ண இயந்திரம் உண்டு. கட்டுகளைத் தூக்கக் கைதான். மூட்டுவாதம். தகடும் திருகும் வைத்து எலும்புகளை ஒன்றாக்கிவிடலாம் என்கிறார் டாக்டர். வலி போகும், கை மேலும் கீழும் மடங்குவதும் போகும். விரல்கள் அசையும், உள்ளங்கையைத் திருப்பலாம். பிடிக்கு வசதியாகச் சற்றே பின்வளைத்து நிறுத்துவார்களாம்.

1946-இல் இவ்வூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களுக்குத் தசைநாண் மாற்றி அசைவு தந்தவர். வலி தெரியாததாலேயே அவர்கள் கைகள் அழிந்தன என்று கண்டார். வலி ஒரு கொடை என்று 1993-இல் பிலிப் யான்சியுடன் புத்தகமும் எழுதினார்.

எனக்கு அக்கொடை மிஞ்சிவிட்டது. ஆனால் விமர்சனம் எழுதுவதும் இந்தக் கைதான். வளையாத கை என்ன எழுதும்?

நேற்று ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டேன். வலித்தது.